இடப்பக்கப் பின் கண்ணாடி

அத்தியாயம் ஆறு

விடிந்தால் நோபேட் நீதவானுக்கு முன்னால் நின்று, “ஓம், நான்தான் செய்தனான்” என்று சொல்லப் போகிறான்.

செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளுகிற ஆட்களை யூஜினாவுக்குத் தெரியும். அடிக்குப் பயந்து ஒப்புக்கொள்ளுவார்கள், சொந்தக்காரனைக் காப்பாற்ற ஒப்புக்கொள்ளுவார்கள். ஆனால் செய்தேனா இல்லையா என்று தனக்கே தெரியாமல், படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொள்ளத் தயாராக இருக்கிற மனுஷனை அவள் அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்த்தாள். விளக்கமறியலில் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்வியைத்தான். “கை பட்டிருக்குமோ மிஸ்?”

“இதுக்கு நான் என்ன பதில் சொல்லுறது அங்கிள்?” என்றாள் யூஜினா. வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் அவர்களுடைய ஓட்டோ அசையாமல் நின்றது. “கட்டின பெண்சாதியில கை பட்டதையே மறந்திடுவாங்கள். பட்டனில பட்டதையோ ஞாபகம் வச்சிருக்கப் போறான்?”

பக்கத்தில் இருந்த யேசுரட்ணம் சிரிக்கவில்லை. அவருக்கு வலது காது கேட்காது. யூஜினா எப்போதும் அந்தப் பக்கம்தான் இருப்பாள். அவளுடைய வாயை எந்தக் கந்தோரும் தாங்கவில்லை, இவர் மட்டும் தாங்குவதற்கு அந்தக் காதுதான் காரணம் என்பது கொட்டாஞ்சேனை முழுக்கத் தெரிந்த விசயம். அடிபட்ட வாகனங்களைப் பார்த்து ஆர் பிழை என்று சொல்லுவதுதான் இன்சூரன்ஸில் அவர் செய்த உத்தியோகம். பென்சனுக்குப் பிறகு ஜம்பட்டா வீதியில் பேக்கரிக்கு மேலே ஓர் அறை எடுத்து, ‘தனியார் துப்பறிவாளர்’ என்று பலகை தொங்கவிட்டார். படியேறி வருகிற பாதிப் பேர் பாண் எங்கே என்றுதான் கேட்பார்கள்.

நோபேட்டின் மனைவி மாக்ரெட் பாண் கேட்கவில்லை. வந்தாள், இருந்தாள், அழாமல் சொன்னாள். “கோட்டில ஒப்புக்கொண்டா தண்டனை குறையுமாம் எண்டு லோயர் சொல்லுறார். இவர் ஒப்புக்கொண்டா நான் பிள்ளைகளுக்கு என்ன சொல்லுறது? அப்பா ஒரு மனுஷனைக் காருக்குள்ள பூட்டிச் சாகடிச்சவர் எண்டோ?”

செத்தவர் நாகேந்திரம் ஐயா. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மகள் கௌரியுடைய ஃப்ளாட்டில் இருந்தவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் விழுந்து, பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது இடக்கை. தொலைந்ததைத் தேடித் தருகிறவர் கொச்சிக்கடை அந்தோனியார். செவ்வாய்க்கிழமை அவரிடம் போவதற்கு வெள்ளவத்தைச் சைவக்காரர் ஒருவரும் சமயம் பார்ப்பதில்லை. அப்பாவின் தொலைந்துபோன பேச்சைக் கேட்டுக் கௌரியும் வாராவாரம் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். நோபேட் ஓட்டினான்.

கோவிலுக்குப் பக்கத்தில் இப்போதெல்லாம் வாகனம் விடமாட்டார்கள். அன்றைக்குக் காரை மூன்று ஒழுங்கை தள்ளி உச்சி வெயிலில் நிறுத்த வேண்டியிருந்தது. எஞ்சினையும் ஏசியையும் ஓடவிட்டு, ஐயாவைப் பின் சீற்றில் இருத்திவிட்டு, கௌரி பூசைக்குப் போனாள். நோபேட்டை மெழுகுதிரி வாங்க அனுப்பினாள். பாதுகாப்புச் சோதனைக்குப் பை திறந்து காட்டுகிற வரிசையில் அவன் மாட்டிக்கொண்டான். கிழட்டுக் கார், ஏசியோடு நின்ற இடத்தில் ஓடி ஓடிச் சூடேறி எஞ்சின் நின்றுவிட்டது, ஏசியும் நின்றது. சாவி திருப்பினபடியே கிடந்ததால் கண்ணாடிச் சுவிச்சுக்கு மட்டும் கரண்ட் இருந்தது. ஐயா இருந்த பக்கத்துக் கதவில் பிள்ளைப் பூட்டு. உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஓடுகிற காரில் ஒருமுறை அவர் கதவைத் திறந்துவிட்டார் என்று கௌரி போட்டு வைத்தது அது.

நோபேட் திரும்பி வந்தபோது ஐயாவுக்கு மூச்சில்லை. இடக்கை கண்ணாடிச் சுவிச்சில் இருந்தது.

பொலிஸ் வந்து கதவைத் திறந்து, சாவியைப் போட்டு, அதே சுவிச்சை அமத்திப் பார்த்தது. கண்ணாடி வழுக்கிக்கொண்டு இறங்கியது, ஏறியது. அப்படியானால் ஐயா அமத்தும்போது ஏன் இறங்கவில்லை? சாரதியின் கதவில் ஒரு லொக் பட்டன் இருக்கிறது. அதை அமத்தினால் பின் சுவிச்சுகள் செத்துவிடும். நோபேட் அதை அமத்திவிட்டுப் போயிருக்கிறான், திரும்பி வந்ததும் பயத்தில் எடுத்துவிட்டிருக்கிறான். முடிந்தது வழக்கு. முதல் நாள் பின்னேரம்கூட மறைன் டிரைவில் அப்பா தானே கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்கினவர், அது ஒரு நாளும் பழுதானதில்லை என்று கௌரி வாக்குமூலத்தில் ஒப்பம் வைத்திருந்தாள்.

“அந்தப் பின்னேரம் கார் ஓடினது ஆர்?” என்று யேசுரட்ணம் காலையில் நோபேட்டைக் கேட்டார்.

“மேடம்தான் சேர். நான் பின்னேரம் வீட்ட போயிடுவன். ஐயாவைக் கடல் காத்துக்குக் கொண்டுபோறது மேடம்.”

“நீர் ஓடேக்க ஐயா கண்ணாடி இறக்கிறவரோ?”

“நான் ஓடேக்க ஏசிதானே சேர். பின் கண்ணாடியை நான் தொட்டதேயில்லை.” பிறகு மறுபடியும் அதே கேள்வி. கை பட்டிருக்குமோ.

கௌரி அவர்களை வாசலில் வைத்து விரட்டவில்லை. உள்ளே கூப்பிட்டு இருத்தி, நெக்டோ ஊற்றித் தந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நித்திரையில்லாத முகம். படத்துக்கு மாலை போட்டு, முன்னால் விளக்கு எரிந்தது.

“பொலிசும் பாத்தவங்கள், நீங்களும் பாருங்கோ அங்கிள்,” என்று கார்ச் சாவியை மேசையில் வைத்தாள். “எனக்கு நோபேட்டில கோபம் இல்லை. கவனயீனம். ஆருக்கும் வாறதுதானே. கோட்டில குறைச்சுக் குடுக்கச் சொல்லி நானும் சொல்லுவன்.”

நல்ல மனுஷி என்று யூஜினா நினைத்தாள். நினைத்ததற்காகப் பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள்.

கார் கீழே, கடலைப் பார்த்து நின்றது. வெள்ளை நிறம், பழைய ஜப்பான்காரன். கடல் காற்று பட்டுக் கதவடிகளில் துரு பிடித்திருந்தது. செக்யூரிட்டிக்காரர் என்ன விசயம் என்று எழும்பி வர, “பொட்டக் இன்ன அய்யே” என்று யூஜினா சிங்களத்தில் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவரை இருத்திவிட்டு, சாவியைப் போட்டுத் திருப்பினாள். பிறகு சுற்றிவந்து இடப்பக்கப் பின் கதவைத் திறந்து, குனிந்து, சுவிச்சை அமத்தினாள்.

கண்ணாடி இறங்கியது. மேலே தூக்கினாள். ஏறியது.

காலையிலிருந்து அவள் மனதுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. சுவிச் பழுதாக இருக்கும், கிழட்டுக் கார்தானே, ஏதாவது இருக்கும் என்று. இன்னொருமுறை அமத்தினாள். புதுக் காரைப் போல இறங்கி ஏறியது.

“சரி அங்கிள், வீட்ட போவம். பொலிஸ் சரியாத்தான் சொல்லியிருக்கு. வரலாற்றில முதல்தரம். ஒரு கேக் வெட்டுவம்.”

யேசுரட்ணம் காருக்குக் கிட்டவே வரவில்லை. தூணில் சாய்ந்துகொண்டு அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “மகள், நீர் எங்க நிண்டு அமத்தினீர்?”

“இங்கதான். வெளியில.”

“பொலிஸ் எங்க நிண்டிருக்கும்?”

“அதுவும் வெளியிலதான். செத்த மனுஷன் இருந்த சீற்றில ஏறி இருக்க ஆருக்கு மனம் வரும்?”

“நாகேந்திரம் ஐயா எங்க இருந்தவர்?”

யூஜினா ஏறி அந்தச் சீற்றில் இருந்தாள். அவர் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்.

அமத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அமத்தினாள். சுவிச் டிக், டிக் என்றது, கண்ணாடி அசையவில்லை. வெளியில் நின்ற யேசுரட்ணத்தின் வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, பிடரியில் வியர்வை இறங்கியது. கதவுப் பிடியை இழுத்தாள். பிள்ளைப் பூட்டு. வெளியே ஆள் நிற்கிறது, திறக்கப் போகிறது என்று தெரிந்தும் அவள் விடாமல் இழுத்தாள்.

அவர் கதவைத் திறந்தார்.

“லொக் பட்டன் எடுத்துத்தான் கிடக்கு,” என்றாள் இறங்கியதும். “நான் பாத்தனான்.”

“இன்னும் ஒண்டு பாப்பம்.” இப்போது யேசுரட்ணம் ஏறினார். அவளை முன் சீற்றில் இருத்தி, கூரை விளக்கைப் போடச் சொன்னார். “நான் அமத்துறன். விளக்கு மங்குதோ எண்டு பாரும். மோட்டர் கரண்ட் தின்னத் தொடங்கினா விளக்குக்குக் குறையவேணும்.”

கதவு பூட்டியிருக்க அமத்தினார். விளக்கு மங்கவேயில்லை. யூஜினாவும் முன்னால் இருந்து, சாரதியின் கதவில் இருந்த இடப்பக்கப் பின் சுவிச்சை அமத்தினாள். அதற்கும் மங்கவில்லை. யூஜினா இறங்கி வெளியிலிருந்து அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டாள், அவர் மறுபடி அமத்தினார். விளக்கு ஒருக்கால் சோர்ந்து எழும்பியது, கண்ணாடி இறங்கி ஏறியது.

“சுவிச்சும் நல்லம், மோட்டரும் நல்லம்,” என்றார். “இங்க பாரும்.” காரின் உடம்புக்கும் கதவுக்கும் நடுவே, பிணைச்சலுக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் குழாய் இருந்தது. கதவுக்குப் போகிற வயர் எல்லாம் அதற்குள்தான். “கதவு திறந்து பூட்ட, திறந்து பூட்ட, உள்ளுக்க வயர் மடிஞ்சு அறுந்திட்டுது. கதவு திறந்திருந்தா ரெண்டு நுனியும் முட்டும். பூட்டினா விலகிடும். இந்தக் காரைச் சோதிக்க வந்த ஒவ்வொருத்தனும் முதல் செய்யிற வேலை என்ன?”

“கதவைத் திறக்கிறது.”

“அவ்வளவுதான்.”

யூஜினாவுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. இதற்காகவா ஒரு மனுஷன் கம்பிக்குப் பின்னால் நின்று தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறான்? “அப்ப காணும் அங்கிள். லோயருக்குச் சொல்லுவம்.”

“காணாது. பிறகு அறுந்தது எண்டுவாங்கள். அண்டைக்கு வேலை செய்தது எண்டு மகளே ஒப்பம் வச்சிருக்கிறா.” அவர் சீற்றை விட்டு இறங்கவில்லை. “மேல போய் அவவைக் கூட்டிக்கொண்டு வாரும். எனக்கு ஒரு சந்தேகம் எண்டு சொல்லும். கதவை நல்லாச் சாத்திப்போட்டுப் போம். அவ வந்து நிக்கேக்க நீர் வாயே திறக்கக் கூடாது.”

“முழுசாவோ?”

“முழுசா.”

அவள் கௌரியோடு திரும்பி வந்தபோது காருக்குள் யேசுரட்ணத்தின் முகம் சிவந்து வியர்த்திருந்தது. அவர் இவர்களைப் பார்க்கவில்லை. தலையைச் சீற்றில் சாய்த்துக்கொண்டு, வலக்கையை மடியில் செத்த கைபோலப் போட்டுக்கொண்டு, இடது உள்ளங்கையால் கண்ணாடியில் தட்டினார். மெதுவாக, இரண்டு தரம்.

“ஐயோ, அங்கிள் உள்ளுக்கையோ…” என்று கௌரி ஓடினாள்.

பிடியில் கை வைத்தாள். கதவை ஒரு சாண் அளவுதான் திறந்தாள். திறந்த கதவை அந்த இடத்தை விட்டு அசையாமல் இடுப்பால் தாங்கிக்கொண்டாள். இடுக்கால் கையை உள்ளே விட்டு, பார்க்காமலே சுவிச்சைத் தேடி அமத்தினாள். கண்ணாடி இறங்கியது. கடல் காற்று உள்ளே போனது. கௌரி கதவைத் திரும்பச் சாத்தினாள்.

எல்லாம் ஒரே ஓட்டமாக நடந்தது, பிள்ளைக்கு மூக்குத் துடைத்து விடுகிற தாயின் கை மாதிரி. தான் செய்தது என்னவென்று அவளுக்கே தெரியவில்லை.

“ஏன் தங்கச்சி கதவை முழுக்கத் திறக்கேல்லை?” என்று திறந்த கண்ணாடி வழியாக யேசுரட்ணம் கேட்டார்.

கௌரி தன் கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“வாயில்லாத மனுஷன் காத்துக் கேக்கிறதெண்டா தட்டத்தானே வேணும்,” என்றார் அவர். “தானே இறக்கக் கூடியவர் எண்டா ஏன் தட்டுறார்? எப்ப இருந்து பிள்ளை இப்பிடி?”

கௌரி காரின் மேல் சாய்ந்துகொண்டாள். “மழை நேரத்தில இருந்து. மறைன் டிரைவில ஒரு நாள் தட்டினார். பிறகு ஒவ்வொரு நாளும். இப்பிடித் திறந்து பிடிச்சா இறங்கும் எண்டு நான்தான் கண்டுபிடிச்சனான்.”

“கராஜுக்குக் காட்டேல்லையோ?”

“காட்டினனான். கதவுக்குள்ள வயர் அறுந்திட்டுது, காரை விட்டிட்டுப் போங்கோ, எப்ப தாறன் எண்டு சொல்ல ஏலாது எண்டு கராஜ் பாஸ் சொன்னார். பதின்மூண்டு செவ்வாய் நேர்த்தி அங்கிள். நடுவில ஒண்டு விட்டா முதல்ல இருந்து தொடங்கவேணும். அரைவாசிக்கு மேல முடிஞ்சுது. முடியட்டும், பிறகு விடுவம் எண்டு இருந்திட்டன்.”

வாயே திறக்கக் கூடாது என்ற கட்டளை அதோடு முடிந்தது. “ஓட்டோ எண்டு ஒரு சாமான் ஓடுது மேடம் கொழும்பில,” என்றாள் யூஜினா.

“அப்பாவுக்குக் குலுக்கம் ஏலாது.”

“நான் அந்தோனியார் கோவிலடியில பிறந்தனான் மேடம். ஒரு செவ்வாய் விட்டா அவர் பெயர் வெட்டமாட்டார். அவர் என்ன, வரவு எடுக்கிற ரீச்சரோ?”

யேசுரட்ணம் கையை உயர்த்தினார். யூஜினா நிறுத்தினாள். கௌரி அழத் தொடங்கியிருந்தாள், சத்தமில்லாமல், கண்ணைத் துடைக்காமல்.

“ஏசி ஓடுதுதானே எண்டு நினைச்சன். அப்பாவுக்குத் தனியத் திறக்க ஏலாதெண்டு எனக்கு மட்டும்தான் தெரியும். நோபேட்டுக்குக்கூட நான் சொல்லேல்லை, சொன்னா கராஜுக்கு விடச் சொல்லி நச்சரிப்பான். பொலிஸ் அமத்தேக்க கண்ணாடி இறங்கிச்சுது. நான் பக்கத்தில நிண்டனான். ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். ஆனா அந்தப் பொலிஸ்காரன் லொக் பட்டன் எண்டு தானே ஒண்டைச் சொன்னான். எனக்கு…” அவள் நிறுத்தினாள். “லண்டனில இருந்து அண்ணா எடுத்துக் கேக்கிறார், அப்பாவை எப்பிடி விட்டிட்டுப் போனனீ எண்டு. டிரைவர் பூட்டிப்போட்டான் எண்டு சொன்னன். ஒருக்காச் சொன்ன பிறகு மாத்த ஏலாமப் போச்சு.”

“நேர்த்தி என்னாச்சு? கடைசிச் செவ்வாய்க்கும் போனனீங்களோ?” என்று யேசுரட்ணம் கேட்டார்.

“போனனான்.”

“என்ன கேட்டீங்கள்?”

“நோபேட்டுக்கு ஒண்டும் நடக்கக் கூடாதெண்டு.”

யூஜினாவின் வாயில் நாலு பகிடி வந்து நின்றது. ஒன்றையும் சொல்ல மனம் வரவில்லை. இப்படி ஒரு மனுஷியை என்ன செய்வது என்று அவளுக்கு விளங்கவில்லை. அடிக்கவும் ஏலாது, அணைக்கவும் ஏலாது.

“வாக்குமூலத்தை மாத்தவேணும் தங்கச்சி,” என்றார் யேசுரட்ணம். “இண்டைக்கே.”

“ஓம்,” என்றாள் கௌரி. செருப்பை மாற்றக்கூட மேலே போகவில்லை. தானாகவே இடப்பக்கப் பின் கதவைத் திறந்து, யேசுரட்ணம் இறங்கியதும் அப்பாவின் சீற்றில் ஏறி இருந்து, சாத்திக்கொண்டாள். இறங்கியிருந்த கண்ணாடியை யேசுரட்ணம் கதவைத் திறந்து பிடித்து ஏற்றிவிட்டார். பொலிஸ் கேட்டால் இப்படித்தான் இருந்தது என்று காட்டவேண்டும்.

அவர்தான் ஓட்டினார். பழைய எஞ்சின் வழியில் நின்றுவிடும் என்று ஏசியைப் போடவில்லை. முன்னால் இருந்த யூஜினா தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிக்கொண்டாள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. டிக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டிக், டிக். கோட்டையில் சிக்னலில் நின்றபோதும் கேட்டது. யூஜினா திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சுவிச்சை அப்பா எத்தனை தரம் அமத்தியிருப்பார் என்று கௌரி எண்ணிப் பார்க்கிறாள் என்பது திரும்பாமலே தெரிந்தது.

பொலிஸ் வளவுக்குள் கார் நுழைந்தபோது மாக்ரெட் வேப்பமரத்தடியில் நின்றாள். யூஜினா வழியிலேயே அவளுக்கு போன் எடுத்து வரச் சொல்லியிருந்தாள், வேறொன்றும் சொல்லவில்லை. போனில் சொல்லுகிற விசயமா அது?

யேசுரட்ணம் உள்ளே பெரியவரைப் பார்க்கப் போனார். யூஜினா இறங்கிச் சுற்றிவந்து பின் கதவடியில் நின்றாள். உள்ளே கௌரி கதவைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். உள்ளேயிருந்து திறக்க ஏலாது என்று அவளுக்குத் தெரியும், பூட்டுப் போட்டதே அவள்தானே. நெற்றியில் வியர்வை ஓடியது. யூஜினாவின் கை கதவுப் பிடியில்தான் இருந்தது. இழுக்கவில்லை. இருக்கட்டும் கொஞ்சம், என்று நினைத்தாள். இருந்து பார்க்கட்டும்.

கௌரி இடது உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். தட்டவில்லை. சும்மா வைத்தபடி இருந்தாள்.

“என்ன மிஸ், பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? மேடம் உள்ளுக்க அவிஞ்சு போறா,” என்று மாக்ரெட் ஓடிவந்து, யூஜினாவின் கையைத் தட்டிவிட்டுக் கதவை அகலத் திறந்தாள். தன் புருஷன் தினமும் துடைத்து மினுக்கின கார். அதன் கதவைத் திறந்துவிடுவது அவளுக்கும் பழகின வேலை. “வாங்கோ மேடம், வாங்கோ. அவருக்காகக் கதைக்கத்தானே வந்திருக்கிறீங்க? எனக்குத் தெரியும். நீங்க அவரைக் கைவிடமாட்டீங்க எண்டு நான் அந்தோனியாரிட்டச் சொல்லிக்கொண்டே இருந்தனான்.”

கௌரி வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை.

மாக்ரெட் சேலைத் தலைப்பால் அவளுடைய முகத்தைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்து மெதுவாக இறக்கினாள்.